கிறிஸ்மஸ் தீவின் காடும் கடற்பறவையும்: சதவீதங்கள் மறைப்பது என்ன?

2012ஆம் ஆண்டு படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போக முயன்று, கிறிஸ்மஸ் தீவில் சில மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்த உறவினர் ஒருவர் எனக்கு இருக்கிறார். வேலி, விசாரணை, பெயருக்குப் பதிலாகக் கூப்பிட்ட இலக்கம் என்று அவர் சொன்னவற்றுக்கு நடுவில் ஒரு சிறிய விடயமும் இருந்தது. மாலை நேரங்களில் காட்டுப் பக்கமிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வருமாம். அங்கே யாரோ மாடு வளர்க்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அது மாடாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தத் தீவின் உயர்ந்த மரங்களில் கூடு கட்டும் ‘அபொட் பூபி’ என்ற கடற்பறவைக்கு அப்படியொரு தடித்த குரல் உண்டு. உலகத்தில் இன்று அது குஞ்சு பொரிக்கும் ஒரே இடம் கிறிஸ்மஸ் தீவுதான்.

தமிழ்ச் செய்திகளில் கிறிஸ்மஸ் தீவு படகோடு வந்து படகோடு போய்விடும். 2012இல் மட்டும் இலங்கையிலிருந்து 6 ஆயிரத்துக்கும் அதிகமானோர் படகுகளில் அவுஸ்திரேலியாவை நோக்கிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். பிலோலா என்ற சிறுநகரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு 2019 ஓகஸ்ட் முதல் 2021 ஜூன் வரை அந்தத் தீவில்தான் தடுத்து வைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு தொடர்பிருந்தும் அந்தத் தீவின் காட்டுக்கு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. நான் அங்கே போனதில்லை. அந்தக் காட்டைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, எங்களுக்கும் தேவைப்படும் ஒரு கணக்கு அதில் இருப்பதைக் கண்டேன்.

பொஸ்பேற் தீவு

கிறிஸ்மஸ் தீவு ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பரப்பளவு 135 சதுர கிலோமீற்றர். 1888இல் பிரித்தானியா அதைத் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பொஸ்பேற். பயிர்களுக்கு உரம் செய்யப் பயன்படும் கனியம் அது. சீன, மலாய்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து அரசுகள் சுரங்கத்தை வாங்கின. 1958இல் தீவே அவுஸ்திரேலியாவின் கைக்குப் போனது. பின்னாளில் தமிழ் அகதிகள் அனுப்பப்பட்ட நவுறுவும் இதேபோலப் பொஸ்பேற்றுக்காகத் தோண்டப்பட்ட தீவுதான்.

பொஸ்பேற் எடுப்பதற்கு முதலில் காட்டை வெட்ட வேண்டும். பிறகு மண்ணைச் சுரண்ட வேண்டும். சுரண்டி முடிந்த இடத்தில் மிஞ்சுவது கூரான சுண்ணாம்புப் பாறைகள் மட்டுமே. அதில் மரம் தானாக முளைத்து வராது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1987 வரை இந்த வேலை வேகமாக நடந்தது. தீவின் காட்டில் சுமார் கால்பங்கு அழிந்தது.

கால்பங்கு போனால் முக்கால்பங்கு மிச்சம். ஒரு தீவுக்கு அது நல்ல கணக்குப்போலத்தான் தெரியும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

வெட்டவெளியும் காற்றும்

அபொட் பூபி நீண்ட, ஒடுங்கிய சிறகுகள் கொண்ட கனமான பறவை. கடலுக்கு மேலே நெடுந்தூரம் பறப்பதற்கு ஏற்ற உடல் அது. மரக்கிளைகளுக்குள் திரும்பி வளைந்து பறக்க அதனால் முடியாது. காட்டின் கூரைக்கு மேலே தலைநீட்டும் பெரிய மரங்களைத்தான் அது தேடும். நாவல் மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரமும் அவற்றில் ஒன்று. தவறி நிலத்தில் விழுந்தால் அங்கிருந்து எழும்பிப் பறக்க அதற்கு வழியில்லை. மீண்டும் எங்காவது ஏற முடியாவிட்டால் பட்டினியால் சாகும்.

இப்படிப்பட்ட பறவைக்குக் காற்று எப்படி வீசுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. கூரைபோல மூடிய காட்டின் மேல் காற்று ஓரளவு சீராகப் போகும். நடுவில் ஒரு வெட்டவெளி இருந்தால் காற்று அதற்குள் இறங்கும். மறுபக்கத்தில் நிற்கும் மரங்களில் மோதிச் சுழன்று மேலெழும். அந்தப் பக்கத்தில் கூடு வைத்திருக்கும் பறவை இறங்கும்போது தடுமாறுகிறது. குஞ்சு கிளையிலிருந்து தள்ளப்படுகிறது.

1980களில் தீவில் நடந்த ஆய்வு இதை அளந்து காட்டியது. வெட்டவெளியிலிருந்து காற்று போகும் திசையில் 300 மீற்றருக்குள் கூடு கட்டிய பறவைகள், மற்ற இடங்களில் உள்ளவற்றைவிடக் குறைவாகவே குஞ்சுகளை வளர்த்தெடுத்தன. அவற்றின் கூடு இருந்த மரத்தில் யாரும் கைவைக்கவில்லை. வரைபடத்தில் அந்த இடம் பச்சையாகவே இருந்தது.

இதை ஒரு சிறிய கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீற்றர் நீளமும் ஒரு கிலோமீற்றர் அகலமும் கொண்ட ஒரே சதுரமாக 100 ஹெக்ரேயர் காட்டை வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கத்தில் 300 மீற்றர் அகலமான பட்டி பாதிக்கப்படும். அது 30 ஹெக்ரேயர். அதே 100 ஹெக்ரேயரை 200 மீற்றர் சதுரங்களாக 25 இடங்களில் வெட்டினால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் 6 ஹெக்ரேயர் பாதிக்கப்படும். மொத்தம் 150 ஹெக்ரேயர். வெட்டியது இரண்டிலும் ஒரே அளவு. கெட்டுப்போன காடு ஐந்து மடங்கு.

காடு துண்டாடப்படுவது என்றால் இதுதான். சுரங்கக்காரர் பொஸ்பேற் படிந்திருந்த இடங்களைத் தேடித் தேடித் தோண்டினார்கள். அதனால் காட்டின் நடுவிலேயே பல வெட்டவெளிகள் உருவாகின.

வட அமெரிக்காவின் பசுபிக் கரையிலும் ஒரு கடற்பறவை பழங்காட்டு மரங்களில் முட்டையிடுகிறது. ‘மார்பிள்ட் மரலெட்’ என்பது அதன் பெயர். அங்கே பெரிய ஆபத்து காற்றைவிடக் காக்கை இனப் பறவைகள். காடு வெட்டப்பட்ட ஓரங்களிலும் முகாமிடும் இடங்களிலும் அவை பெருகி, முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. கொல்லும் காரணம் வேறு. ஆனால் அங்கும் ஆபத்து காட்டின் ஓரத்திலிருந்து உள்ளே வருகிறது.

தாமதமாகத் தெரியும் இழப்பு

அபொட் பூபி ஒரு தடவைக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு தனியாக இரை தேடும்வரை தாயும் தந்தையும் ஓராண்டுக்கும் மேலாக உணவு கொண்டுவர வேண்டும். அதனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட ஒரு குஞ்சைக் கரைசேர்ப்பது கடினம். இடையில் வரும் வடமேல் பருவக்காற்றுக் காலத்தில் புயலுக்குப் பல குஞ்சுகள் பலியாகின்றன. மறுபுறம், வளர்ந்த பறவை 40 ஆண்டுகள்வரை வாழக்கூடியது.

இந்த நீண்ட ஆயுள் ஒரு மயக்கத்தைத் தருகிறது. காடு வெட்டப்பட்டுப் பத்து வருடம் கழித்து எண்ணினாலும் பெரிய பறவைகள் அநேகமாக அங்கேயே இருக்கும். ஒரு கிராமத்தில் பெரியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் பாடசாலையில் முதலாம் ஆண்டுக்குச் சேரப் பிள்ளையில்லை என்றால், அந்தக் கிராமத்தின் சனத்தொகைக் கணக்கு எவ்வளவு உண்மையைச் சொல்லும்? இந்தப் பறவையின் எண்ணிக்கையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இன்று சில ஆயிரம் பறவைகள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றில் எத்தனை குஞ்சு வளர்க்கின்றன என்பதுதான் முக்கியம்.

முன்பு இந்து சமுத்திரத்தின் மேற்கிலும் இந்தப் பறவை இருந்தது. 1892இல் அபொட் என்ற அமெரிக்க இயற்கையியலாளர் இதை முதலில் சேகரித்தது சீஷெல்ஸைச் சேர்ந்த அசம்ப்ஷன் தீவுப் பக்கத்தில். அங்கே பறவை எச்ச உரத்துக்காக நிலம் சுரண்டப்பட்டு மரங்கள் போனபின், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அது இல்லாமல் போய்விட்டது.

நிற்கும் காட்டின் நிலை

வெட்டப்படாத காடும் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கிறிஸ்மஸ் தீவின் காட்டுத் தரையைப் பராமரிப்பவை கோடிக்கணக்கான செந்நண்டுகள். விழுந்த இலைகளையும் முளைக்கும் கன்றுகளையும் தின்று காட்டை ஒழுங்கில் வைத்திருப்பவை அவை. வெளியிலிருந்து வந்த மஞ்சள் எறும்பு வகை ஒன்று 1990களின் பிற்பகுதியில் பெரும் கூட்டங்களாகப் பரவி நண்டுகளை இலட்சக்கணக்கில் கொன்றது. இந்த எறும்புகள், மரச்சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகளின் இனிப்புக் கசிவைத் தின்று பெருகுகின்றன. பூச்சி பெருகினால் உயர்ந்த மரங்களின் கிளைகள் காய்ந்துபோகின்றன. பூபி கூடு கட்டுவது அந்தக் கிளைகளில்தான்.

2016இல் செதிற்பூச்சியை அழிக்கும் நுண்ணிய குளவி ஒன்று மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. எறும்பின் உணவை நிறுத்தினால் எறும்பு குறையும் என்பது திட்டம். வேலி போட்டுப் பூங்கா என்று பெயர் வைத்தால் மட்டும் காடு காப்பாற்றப்படாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஒரே சட்டம், இரண்டு பதில்கள்

தேசியப் பூங்கா 1980இல் உருவானது. பின்னர் விரிவாக்கப்பட்டு இன்று தீவின் 63 சதவீதத்தை உள்ளடக்குகிறது. 1987இல் அரசு சுரங்கத்தை மூடியது. வேலையிழந்த தொழிலாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு நிறுவனத்தை அமைத்து, சில ஆண்டுகளில் அதை மீண்டும் திறந்தார்கள். முதிர்ந்த காட்டை இனி வெட்டக்கூடாது என்பது நிபந்தனை.

அந்த நிறுவனம் புதிய இடங்களைக் கேட்டபோது 2007இல் சுற்றாடல் அமைச்சர் மல்கம் டேர்ன்புல் மறுத்தார். நீதிமன்றம் அந்த முடிவை ஒதுக்கிவைத்த பின்னரும், 2010இல் அமைச்சர் பீற்றர் கரட் மீண்டும் மறுத்தார். பறவைக்கு இது வெற்றி. தீவில் வாழும் சீன, மலாய்க் குடும்பங்களுக்கு இது வேலை பற்றிய கவலை. இரண்டையும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையல்ல.

ஆனால் அதே சட்டம் தடுப்பு முகாமின் விடயத்தில் வேறுவிதமாக நடந்துகொண்டது. தீவின் வடமேற்கு முனையில், பூங்காவால் சூழப்பட்ட பழைய சுரங்க நிலத்தில் அந்த முகாமைக் கட்ட 2002இல் முடிவெடுத்தார்கள். ‘தேசிய நலன்’ என்று காரணம் சொல்லிச் சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறையிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. உரத்துக்காக வெட்டுவதென்றால் கேள்வி உண்டு. மனிதரை அடைத்து வைக்கக் கட்டுவதென்றால் கேள்வி இல்லை. ‘தேசிய நலன்’, ‘தேசிய பாதுகாப்பு’ என்ற சொற்கள் வந்தவுடன் எந்தெந்தக் கேள்விகள் நின்றுபோகும் என்பது எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டிய விடயமல்ல.

இனி யார் செலவு செய்வது?

அழித்த இடத்தில் காட்டை மீண்டும் வளர்க்கும் வேலை 1989 முதல் நடக்கிறது. மண் கொண்டுவந்து கொட்டி, தீவின் சொந்த மரங்களை நட்டு, கூடுகளுக்கு அருகிலுள்ள வெட்டவெளிகளுக்கு முன்னுரிமை கொடுக்கிறார்கள். இந்த வேலைக்கான பணம் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு தொன் பொஸ்பேற்றுக்கும் அறவிடப்படும் வரியிலிருந்து வருகிறது. சுரங்கக் குத்தகை 2034வரை இருக்கிறது. பொஸ்பேற் தீர்ந்தால் வரியும் தீரும். ஆனால் இன்று நட்ட கன்று, காற்றைத் தடுக்கும் மரமாகவும் கூடு தாங்கும் மரமாகவும் வளரப் பல பத்தாண்டுகள் எடுக்கும். காயத்தை உண்டாக்கிய தொழில் நடக்கும்வரைதான் மருந்துக்குப் பணம் என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு என்ன என்பதே அந்தத் தீவின் முன்னால் இப்போது இருக்கும் கேள்வி.

பறவையின் துயரத்தையும் மனிதரின் துயரத்தையும் ஒரே தராசில் வைக்க நான் விரும்பவில்லை. கணக்குக் காட்டும் முறை ஒன்றாக இருப்பதைத்தான் சொல்கிறேன். இத்தனை சதவீதக் காணி விடுவிக்கப்பட்டது என்று அறிக்கை வரும். விடுவித்த காணிக்கும் கடலுக்கும் நடுவில் முகாம் நிற்பது அந்தச் சதவீதத்துக்குள் வராது.

மன்னாரில் காற்றாலை பற்றியும் கனிய மணல் பற்றியும் பேசும்போதும் ‘மொத்தப் பரப்பில் இவ்வளவுதான்’ என்ற விளக்கத்தை எதிர்பார்க்கலாம். அப்போது கேட்க மூன்று கேள்விகளைக் கிறிஸ்மஸ் தீவு தருகிறது. எடுப்பது எவ்வளவு என்பதோடு, அது எத்தனை துண்டுகளாக எடுக்கப்படுகிறது? எடுத்த இடத்தின் ஓரத்திலிருந்து பாதிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகும்? திட்டம் முடிந்து போனபின் அந்த இடத்தைச் சரிசெய்யும் செலவு யாருடையது?

இதை எழுதுவதற்கு முன் உறவினரிடம் அந்தச் சத்தம் எந்தப் பறவையினுடையதாக இருக்கலாம் என்று சொன்னேன். அங்கே இருந்த மாதங்களில் ஒருநாள்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை என்றார். பார்க்கக்கூடிய தூரத்தில்தான் காடு இருந்ததாம். வேலி இடையில் நின்றது.