தட்டு கம்பெனியுடையது, நட்டம் கடைக்காரருடையதா?

பருப்பும் புளியும் விற்கும் நமக்கு அமெரிக்காவின் வீடியோ தட்டுக் கதை எதற்கு என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். கம்பெனிகள் தங்களுக்குள் ஒத்துப்போகாமல் அரைகுறைச் சரக்கைச் சந்தைக்கு அனுப்பினால் யாருடைய முதல் முடங்கும் என்பதை அந்தக் கதை தெளிவாகக் காட்டுகிறது. அதனால் அது நமக்கும் வேண்டிய கதைதான்.

இந்தத் தொல்லை இசைத்தட்டுக் காலத்திலேயே தொடங்கியது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுதான் முன்பு வழக்கம். 1948-இல் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டை இறக்கியது. ஆக, மூன்று விதத் தட்டுகளையும் கடைக்காரர் இருப்பு வைக்க வேண்டியதாயிற்று. 1973-இன் எண்ணெய் நெருக்கடியால் மூலப்பொருள் தட்டுப்பாடு வந்தபோது, பழைய தட்டுகளை உருக்கிக் கலந்து புதுத் தட்டு அடித்தார்கள். வளைந்த தட்டு, துளை நடுவில் விழாத தட்டு, கரகரக்கும் தட்டு என எதுவானாலும் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவது கம்பெனிக்கு அல்ல, வாங்கிய கடைக்குத்தான்.

வீடியோ தட்டு வந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. 1978 டிசம்பரில் அட்லாண்டா நகரில் லேசர் தட்டு விற்பனைக்கு வந்தது. கருவி மேக்னவாக்ஸ் பெயரிலும், தட்டு எம்.சி.ஏ. நிறுவனத்தின் 'டிஸ்கோவிஷன்' பெயரிலும் வந்தன. கலிஃபோர்னியாவில் கார்சன் என்ற ஊரின் ஆலையில் அடித்த அந்தத் தட்டுகளில் பழுது மிகுதி. படம் நடுவில் நிற்கும், தாவும், புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு பாதிகளை ஒட்டித்தான் ஒரு தட்டு செய்வார்கள். ஒட்டு சரியில்லாமல் காற்று உள்ளே புகுந்தால் அலுமினியப் பூச்சு அரித்துப்போகும். அப்படிப்பட்ட தட்டு, வாங்கிய அன்று நன்றாக ஓடினாலும் நாளாக ஆகக் கெட்டுவிடும். கருவி ஒருவருடையது, தட்டு இன்னொருவருடையது என்றால் பழியை மாற்றி மாற்றிப் போடுவது சுலபம். நடுவில் நிற்கும் கடைக்காரருக்கோ மத்தளம் போல இரு பக்கமும் இடி.

1981 மார்ச்சில் ஆர்.சி.ஏ. தன் வீடியோ தட்டைக் கொண்டுவந்தது. அதில் லேசர் இல்லை; இசைத்தட்டு போலப் பள்ளத்தில் ஓடும் ஊசி. கருவியின் விலை சுமார் 500 டாலர். 1983-இல் ஜப்பானின் ஜே.வி.சி. மூன்றாவது முறையில் ஒரு தட்டை அந்நாட்டில் விற்கத் தொடங்கியது. மூன்றும் வட்டத் தட்டுதான். ஆனால் ஒன்று மற்றதன் கருவியில் ஓடாது. இதற்கிடையே, வீட்டிலேயே பதிவு செய்துகொள்ள வசதி தந்த வீடியோ கேசட் சந்தையைப் பிடித்துவிட்டது. 1984 ஏப்ரலில் ஆர்.சி.ஏ. கருவித் தயாரிப்பைக் கைவிட்டபோது அதன் நட்டம் சுமார் 58 கோடி டாலர். அது பெரிய கம்பெனி; தாங்கிக்கொள்ளும். கடன் வாங்கிச் சரக்கு எடுத்த சிறு வியாபாரி தாங்குவாரா?

போட்டி இருந்தால்தானே புதுமை வரும் என்று சிலர் வாதிடுவார்கள். போட்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிலிப்ஸும் சோனியும் பேசி ஒரே அளவுகோலை வகுத்த பிறகே, 1982-இல் காம்பேக்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. யார் செய்த தட்டும் யார் செய்த கருவியிலும் ஓடியது. விலையிலும் தரத்திலும் போட்டி நடந்தது, வியாபாரமும் பெருகியது.

கடைக்காரர் சொல்லுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு 2008 சாட்சி. ப்ளூ-ரே, எச்.டி. டிவிடி என்ற இரண்டு தட்டுகள் மோதிக்கொண்டிருந்தன. இனி ப்ளூ-ரே மட்டுமே விற்போம் என்று வால்மார்ட் பிப்ரவரி 15-இல் அறிவித்தது. முன்பே பல நிறுவனங்கள் விலகியிருந்த நிலையில், பிப்ரவரி 19-இல் டோஷிபா எச்.டி. டிவிடியைக் கைவிட்டது. வால்மார்ட்டின் பலம் நம்மில் தனி ஒருவருக்கு இல்லை. சங்கமாகச் சேர்ந்து நின்றால் நம் பேச்சும் எடுபடும்.

நம் அலமாரியையே பாருங்கள். பழைய ஷேவிங் பிளேடு எந்தக் கைப்பிடியிலும் பொருந்தும். இன்றைய கார்ட்ரிட்ஜ் பல கைப்பிடிக்கு ஒன்றுக்கொன்று மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனி இருப்பு. கல்லா மேசையில் கம்பெனிக்கு ஒன்றாக க்யூ.ஆர். அட்டைகள் ஒட்டியிருந்ததையும் கண்டோம். ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்தும் குறியீட்டைப் புதிதாகத் தரக் கூடாது, இருப்பவற்றை 2022 மார்ச் 31-க்குள் பொதுக் குறியீட்டுக்கு மாற்ற வேண்டும் என்று 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆணையிட வேண்டியவர் ஆணையிட்டால் ஒத்துப்போக வைக்க முடியும் என்பது தெரிகிறதல்லவா?

எனவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, சந்தையில் நிலைக்காத புதுச் சரக்கை, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை எழுத்தில் வாங்காமல் எடுக்கக் கூடாது. விநியோகஸ்தரின் வாய்வார்த்தை போதாது. இரண்டு, சரக்கு வந்ததும் பிரித்துப் பார்த்து, பழுது இருந்தால் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு கருதும். மூன்று, பழுதுச் சரக்கை மாற்றித் தர மறுக்கும் கம்பெனிகளின் விவரத்தைச் சங்கத்தில் பதிவு செய்து, சங்கத்தின் மூலமே பேச வேண்டும்.

கம்பெனி தன் புதுச் சரக்கைச் சோதித்துப் பார்க்க நம் அலமாரி வேண்டுமென்றால், அந்தச் சோதனையின் செலவும் கம்பெனியுடையதாகவே இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றுவோம்.