சிறையில் கழிந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

2006 ஜூலை 11 அன்று மும்பை புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்தன. 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழக்கில் 2015ஆம் ஆண்டு சிறப்பு நீதிமன்றம் 5 பேருக்குத் தூக்குத் தண்டனையும் 7 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. அந்த 12 பேரும் குற்றவாளிகள் என்பதற்கு ஆதாரமில்லை என்று 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் கூறி, அனைவரையும் விடுவித்தது. அவர்களுள் ஒருவர் 2021லேயே சிறையில் கொரோனாவால் இறந்துவிட்டார். தம்மைக் குற்றமற்றவர் என்ற தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

தீர்ப்பு வந்த நாளில் நம்மில் பலரும் மகிழ்ந்தோம். அது இயல்பே. ஆனால், 19 ஆண்டுகளைப் பறித்துக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவதை நீதி என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விடுதலை என்பது அநீதி நின்றுபோன நாள், அவ்வளவுதான். ஈடுசெய்யும் கடமை அன்றுதான் தொடங்குகிறது.

இவ்வழக்கு எப்படி இத்தனை ஆண்டுகள் நின்றது என்பதைப் பார்க்க வேண்டும். காவலரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கக்கூடாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அடித்து வாங்கிவிடுவார்கள் என்ற அச்சம் அன்றைய வெள்ளையர் ஆட்சிக்கே இருந்தது! இன்றைய பாரதீய சாக்ஷ்ய அதினியமும் அவ்விதியைக் காத்து நிற்கிறது. ஆனால் மகாராஷ்டிரத்தின் மகோகா சட்டம், காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவுசெய்தால் அதே வாக்குமூலம் செல்லும் என்கிறது. முன்பு தடாவும் பொடாவும் இவ்வழியைத்தான் திறந்துவைத்தன. மும்பை வழக்கின் முதுகெலும்பு அவ்வாறு பெறப்பட்ட வாக்குமூலங்களே. அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் இருந்ததையும், சித்திரவதைக்கான தடயங்களையும் சுட்டிக்காட்டி உயர் நீதிமன்றம் அவற்றை ஒதுக்கியது. அடையாள அணிவகுப்பு நடத்தியவருக்கு அதை நடத்தும் அதிகாரமே அப்போது இல்லை. வெடித்தது எவ்வகைக் குண்டு என்பதைக்கூட அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை.

மூன்று நாட்கள் கழித்து உச்ச நீதிமன்றம், இத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்று நிறுத்திவைத்தது. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. மாநில அரசின் மேல்முறையீட்டுக்குரிய முடிவு நீதிமன்றத்துக்கே உரியது.

இத்தகைய கதைகள் நமக்குப் புதியவை அல்ல. 58 உயிர்களைப் பலிகொண்ட 1998 கோவை குண்டுவெடிப்பு வழக்கில் கைதான கேரளத்தின் அப்துல் நாசர் மதனி, ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் பிணையின்றிச் சிறையில் இருந்து, 2007இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அக்ஷர்தாம் வழக்கில் மூவருக்குத் தூக்கு என்று கீழ் நீதிமன்றங்கள் கூறியதை 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, தண்டனை பெற்ற ஆறு பேரையும் விடுவித்தது. பின்னர் அவர்கள் இழப்பீடு கேட்டபோது அது ஏற்கப்படவில்லை.

இழப்பீடே இந்நாட்டில் கிடைத்ததில்லையா? கிடைத்திருக்கிறது. விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் பீகார் சிறையில் 14 ஆண்டுகள் அடைத்துவைக்கப்பட்ட ருதுல் ஷாவுக்கு, 1983இல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் வழங்கச் சொன்னது. நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன், 1994இல் பொய்யான உளவு வழக்கில் கைது செய்யப்பட்டு, 24 ஆண்டுகள் போராடிய பின் 2018இல் 50 லட்சம் பெற்றார். அவருக்குக் கிடைத்ததில் நமக்கு முழு மகிழ்ச்சி. ஆனால், இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க ஒருவருக்குப் பெயரும் படிப்பும் வழக்கறிஞர்களும் வேண்டியிருந்ததே! தெருவோரக் கடை வைத்திருந்தவர் என்ன செய்வார்? நீதிபதியின் மனத்தைப் பொறுத்துக் கிடைப்பது உரிமையாகாது.

இந்திய சட்ட ஆணையம் இதை உணர்ந்தே 2018 ஆகஸ்டில் தன் 277ஆவது அறிக்கையை அளித்தது. தவறான வழக்கால் பாதிக்கப்பட்டோருக்குச் சட்டபூர்வமான இழப்பீடும் மறுவாழ்வு உதவியும் வேண்டும், அதற்கெனத் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்பது அதன் சாரம். விடுதலையான எல்லோருக்கும் என்று அது கூறவில்லை. காவல்துறையோ அரசுத் தரப்போ தீய நோக்கத்துடனோ நல்லெண்ணமின்றியோ நடந்த வழக்குகளுக்கு மட்டுமே. “சந்தேகத்தின் பலனில் தப்பியவனுக்கு ஏன் பணம்?” என்று கேட்போருக்கு இதுவே பதில். என் பார்வையில் அந்த வரையறை குறுகலானதே. நல்லெண்ணத்தோடு அலட்சியமாக நடத்தப்பட்ட விசாரணையும் ஒரு மனிதரின் இளமையை அதே அளவில்தான் தின்கிறது. ஆயினும் ஒரு தொடக்கமாக அதை ஏற்கலாம்.

குண்டுவெடிப்பில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களையும் மறந்துவிடக்கூடாது. தவறானவர்களைப் பிடித்துக் கோப்பை மூடியவர்கள் அக்குடும்பங்களையும் ஏமாற்றினார்கள். கொன்றவர் யார் என்பது இன்றும் அவர்களுக்குத் தெரியாது. சித்திரவதையைக் கேள்வி கேட்பது குற்றவாளிக்குப் பரிந்து பேசுவது என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

நம் பங்கையும் சொல்லியாக வேண்டும். கைதுச் செய்தி தொலைக்காட்சியில் ஓடிய அன்றே அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துபவர்கள் நம்மிடையே உண்டு. சம்பந்தம் பேசியவர்கள் பின்வாங்குகிறார்கள். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நீதிபதிக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், தேநீர்க் கடையில் அமர்ந்து தீர்ப்பு வழங்கும் நமக்கு? குற்றம் சாட்டப்பட்டவரின் பிள்ளைகளுடைய பள்ளிக் கட்டணத்தையும் வழக்கறிஞர் செலவையும் ஜமாஅத் பொதுநிதியிலிருந்து ஏற்பது, அவர் குற்றமற்றவர் என்று சான்றளிப்பது ஆகாது. வழக்கு முடியும்வரை அவருக்கு உள்ள உரிமையை மதிப்பது மட்டுமே.

சட்ட ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் ஐந்தாண்டுகள் கழித்து, குற்றவியல் நடைமுறைச் சட்டம் முழுவதையும் நாடாளுமன்றம் மாற்றி எழுதியது. பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் அப்புதிய சட்டத்தில் அறிக்கையின் இழப்பீட்டுத் திட்டம் இடம்பெறவில்லை. காரணமின்றிக் கைதானவருக்கு நட்டஈடு வழங்கும் பழைய பிரிவு மட்டும் 399 என்ற புதிய எண்ணோடு வந்திருக்கிறது. அதன்படி உச்சவரம்பு 1,000 ரூபாய். அதையும் அரசு தராது. கைதுக்குக் காரணமானவரே தர வேண்டும்.