ஆவுளியாவுக்கு அரணா, எண்ணெய்க் கிணறா?

குஜிலியம்பாறைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? வானம் பார்த்த சீமையிலே நின்றுகொண்டு வள்ளத்தையும் வலையையும் பற்றிப் பேசுவானேன் என்று கேட்போர் கேட்கட்டும். சந்தையிலே நெத்திலிக் கருவாடு வாங்கிக் கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் உழைப்பாளிக்குத் தொடர்பு உண்டு. ஆடு மாடு மேய்த்து வயிறு கழுவும் குடும்பத்துக்குத் தொடர்பு உண்டு. மேய்ச்சல் நிலம் பறிபோனால் என்னவாகும் என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவா வேண்டும்?

கடலுக்கடியிலும் மேய்ச்சல் நிலம் இருக்கிறது, தோழர்களே! பாக் விரிகுடாவிலே கடற்புல் தழைத்திருக்கிறது. அதை மேய்ந்து வாழ்வது ஆவுளியா. ஏட்டிலே அதற்குக் கடற்பசு என்று பெயர். அது மீனன்று, குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. மூச்சு வாங்க அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வலையிலே சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். அந்தப் புல்லின் நடுவிலேதான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. புல் வாழ்ந்தால் ஆவுளியா வாழும்; மீன் வாழும்; மீனவர் வாழ்வர்!

இதை உணர்ந்துதான் 2022 செப்டம்பர் 21ஆம் நாள், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலிலே 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான காப்பகமாகக் கழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல் கடற்பசுக் காப்பகம்.

அறிவிப்பது அரசு. காப்பது யார்? வத்தையிலும் வள்ளத்திலும் விடியுமுன் புறப்படும் ஏழை மீனவர்! காற்றின் திசையறிந்து, நீரோட்டம் அறிந்து, ஆவுளியா மேயும் இடமறிந்து படகு செலுத்துபவர் அவர். வலையிலே ஆவுளியா சிக்கினால், கடன்பட்டு வாங்கிய வலையைத் தம் கையாலேயே அறுத்து அதை விடுவித்தவர்கள் அந்தக் கரையிலே உண்டு. வனத்துறை அவர்களை அழைத்துப் பரிசளித்திருக்கிறது. பாராட்டுகிறோம். ஆனால், பொன்னாடை போர்த்தினால் கிழிந்த வலை கூடிவிடுமா?

சற்றுத் தெற்கே மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டு 21 தீவுகளைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. நோக்கம் நல்லது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் என்ன ஆனார்கள்? குற்றவாளிகளைப்போல் விரட்டப்பட்டார்கள்! அந்த 21 தீவுகளிலே இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. பாசி எடுத்த கைகளாலா மூழ்கின? இல்லை! தீவுக்கு அரணாக நின்ற பவளப்பாறைகளை ஆலைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்குமாக வெட்டி எடுத்ததால் மூழ்கின. இலாபம் ஒரு பக்கம். பழி இன்னொரு பக்கம்!

இதைவிட வேடிக்கை கேளுங்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பாசி பறித்தவளை விரட்டிய அதே மன்னார் வளைகுடாவில், ஏறத்தாழ 9,990 சதுர கிலோமீட்டர் ஆழ்கடலை எண்ணெய், எரிவாயு எடுக்க ஏலத்துக்கு விட்டது ஒன்றிய அரசு, 2025 பிப்ரவரியிலே! தமிழ்நாட்டு முதலமைச்சர் என்ற முறையிலே மு.க.ஸ்டாலின் அவர்கள் அதைத் திரும்பப் பெறுமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கரையோரக் கடலின் மீன்வளம் மாநிலப் பட்டியலிலே இருக்கிறது. எண்ணெயோ டில்லியின் கையிலே! மீனைக் காக்கும் பொறுப்பு நமக்கு; கடலைக் கலக்கும் உரிமை அவர்களுக்கா?

இழுவை மடியால் கடலடியைச் சுரண்டுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் விசைப்படகிலே கூலிக்குச் செல்பவரும் நம் தோழரே. மாற்றுத் தொழில் காட்டாமல் மடியை மட்டும் பறிப்பது நீதியாகாது.

வழி இல்லாமலா போய்விட்டது? இராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டிலே, வனத்துறையின் துணையோடு, ஊர் மீனவர்களே பார்வையாளர்களைப் படகேற்றி அலையாத்திக் காட்டையும் பறவைகளையும் காட்டுகிறார்கள். காடும் நிற்கிறது, அடுப்பும் எரிகிறது!

நாம் கேட்பது மூன்று. மன்னார் வளைகுடாவிலே எண்ணெய்த் துரப்பணம் கூடாது. ஆவுளியாவுக்காக அறுத்த வலைக்கு முழு விலையும் உடனே தரவேண்டும். காப்பகத்தைக் காக்கும் பணியிலே சிறுபடகு மீனவருக்குச் சம்பளமும் சபையிலே இடமும் வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தைக் காப்பவன் மேய்ப்பன். கடலைக் காப்பவன் வலைஞன். அவனைக் கரையேற்றிவிட்டுக் கடலைக் காக்க முடியாது!