வேரைத் தேடிவரும் விருந்தினர்

கன்றொன்றை நட்டு நீர் வார்க்கும் எவரும், அதன் வேர் தன்னந்தனியாக மண்ணிலிருந்து உணவை உறிஞ்சி வாழ்வதாகவே எண்ணுவர். காட்டு மரங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரிதும் பிழையானது. அவற்றின் வேர் நுனிகளைப் பங்கசு இழைகள் உறைபோலப் போர்த்தியிருப்பதை ஜெர்மானியத் தாவரவியலறிஞர் பிராங்க் 1885 ஆம் ஆண்டில் விளக்கி, 'மைக்கொரைசா' எனப் பெயருமிட்டார். பங்கசு வேர் என்பது அதன் பொருள். இழைகள் நீரையும் உப்புக்களையும் மரத்துக்குக் கொணர்கின்றன. மரமோ இலையிற் சமைத்த சர்க்கரையை அவற்றுக்கு ஈகின்றது. (பணக்காரர் விரும்பியுண்ணும் திரபிள் என்னும் நிலக்காளானைப் பயிரிட வழி காணுமாறு பிரஷ்ய அரசாங்கம் பணித்ததனாலேயே பிராங்க் இத்துறையிற் புகுந்தார்!)

இவ்விருந்தினர் எந்த ஒழுங்கில் வந்து சேர்கின்றனர்? ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகருக்குத் தெற்கே 1971 இல் நடப்பெற்ற பேர்ச் மரங்கள் இதற்கு விடையளித்தன. மண்ணுக்கு மேலே தோன்றும் காளான், கீழேயுள்ள பங்கசின் கனி போன்றது. ஆகவே மரத்தைச் சுற்றி முளைத்த காளான்களை ஆராய்ச்சியாளர் ஆண்டுதோறும் எண்ணிக் குறித்து வந்தனர். முதலில் லக்காரியா, ஹெபலோமா என்னும் இனங்கள் தலைகாட்டின. சில ஆண்டுகள் சென்றபின்னரே, கீறினாற் பால் வடியும் லக்டாரியஸும் லெக்சினமும் வந்தன. அப்பொழுதும் முன்னவை ஓடிவிடவில்லை. மரம் வேரை விரிக்க விரிக்க, அவை வெளியோரத்து இளவேர்களுக்கு நகர்ந்தன. அடிமரத்தையொட்டிய முதுவேர்களைப் பின்வந்தவை பிடித்துக்கொண்டன.

பிந்தியவற்றை நாற்றுக்கே நேரடியாக ஊட்டிவிட்டாலென்ன? 1980களின் தொடக்கத்தில் நடந்த சோதனையொன்று இதனைத் தெளிவாக்கிற்று. வளர்ந்த மரங்களின் கீழ் நாற்றுக்களை நட்டபோது, லக்டாரியஸும் லெக்சினமும் அவற்றின் வேரிற் படிந்தன. ஆனால் நாற்றைச் சுற்றியுள்ள மண்ணை வெட்டி, பெருமரத்தின் வேர்த் தொடர்பைத் துண்டித்ததும் அவை படியவில்லை. ஹெபலோமா முதலியனவே வந்தன. மண் அதே மண்தான். பெருமரத்தின் சர்க்கரை பின்னால் நின்று தாங்கினாலன்றி, அப்பங்கசுகளாற் புதிய வேரொன்றைப் பற்ற இயலவில்லை.

காட்டை முற்றாக வெட்டிவிட்டு மறுபடியும் கன்று நடுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். முதுமரம் ஒன்றேனும் நில்லாத நிலத்தில், பிந்திய விருந்தினரின் வரவுக்குக் கன்றுகள் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். சில முதுமரங்களை ஆங்காங்கே விட்டுவைத்தாலோ, அவற்றின் வேரெல்லைக்குள் நடப்படும் கன்றுகள் அப்பங்கசுகளை இளமையிலேயே பெற்றுவிடும்.