வில்வண்டி தந்த பாடம்

விடுமுறை நாட்களில் பிள்ளைகளை எதில் ஈடுபடுத்துவது என்பது நம் குடும்பங்கள் யாவற்றுக்கும் உள்ள கவலை. அது குறித்து என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றை இம்மாதம் கூறுகிறேன்.

ஏழாம் வகுப்பில் பயிலும் என் குமாரன், வானொலி அலையால் இயங்கும் சிறு லாரி ஒன்று வேண்டுமென்றான். ஜப்பானிலுள்ள தமியா நிறுவனம், மெய்யான லாரியில் 14-இல் ஒரு பங்கு அளவில் இத்தகைய வண்டிகளைச் செய்து விற்கிறது. அதன் விலை ரயில்வே குமாஸ்தாவின் கைக்கு எட்டுவதன்று. ஆகவே மோட்டாரையும் வானொலிக் கருவியையும் மட்டும் வாங்கி, ஏனையவற்றை மரத்தாலும் தகரத்தாலும் நாங்களே செய்தோம். மட்டாஞ்சேரி பஜார் சாலையில் அரிசி இறக்கிக்கொண்டிருந்த லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை அளந்து, ஒவ்வோர் அளவையும் 14-ஆல் வகுத்து, பொதி கட்டும் எஃகுப் பட்டையில் வெட்டி, நான்கு நான்காக அடுக்கினோம்.

பார்வைக்கு அசலைப் போலவே இருந்தது. ஆனால் முற்றத்துக் கல்லின்மீது ஏறியதும் பட்டை சற்றும் வளையவில்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, வண்டி கவிழ்ந்தது. மனமுடைந்த பையன் மூன்று நாள் அதைத் தொடவில்லை.

என் தந்தையார் திருநெல்வேலியில் லாரி ஸ்பிரிங் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். பேரனோ மலையாளத்தில் பயில்கிறவன். தொலைபேசியில் “சுகமா தாத்தா?” என்பதற்குமேல் அவர்கள் பேச்சு நீளாது. இது எனக்கு நெடுநாளைய வருத்தம். அன்று அவரிடமே கேட்கும்படி சொன்னேன்.

“ஐயா, பட்டையின் இரு முனைகளையும் இறுக்கிவிட்டாயா? பாரம் ஏறினால் வில் நிமிரும், நிமிர்ந்தால் நீளும். நீளுவதற்கு இடம் எங்கே? ஒரு முனையை ஷேக்கிளில் ஊசலாட விடு” என்றார் தந்தையார்.

“வில்லா? அந்தச் சொல் மலையாளத்திலும் உண்டே!” என்றான் பையன். உடனே தம் ஊர் வில்வண்டியைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். பேச்சு அரைமணி நேரம் நீண்டது.

ஷேக்கிள் வைத்த பின்னரும் விறைப்பு முற்றும் தீரவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கைக்கொண்டு நான் காரணம் தேடினேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 14 மடங்கு குறைந்தால், எடை 2,744 மடங்கு குறைந்துவிடும். 16 டன் லாரி ஏறக்குறைய 5.8 கிலோவாகிவிடும். ஆனால் பட்டையின் விறைப்பு 14 மடங்கே குறையும். எனவே 14-இல் ஒரு பங்கு தாழவேண்டிய வில், 196-இல் ஒரு பங்கே தாழ்கிறது. அதாவது, இருக்கவேண்டியதைப்போல் 14 மடங்கு விறைப்பு! அளவில் நாங்கள் பிழை செய்யவில்லை. அளவு மாறாமல் செய்ததே பிழையாயிற்று.

பரிகாரம் எளிது. பட்டையின் கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகும். நான்கில் இரண்டை நீக்கினால் அதிலும் பாதியாகும். ஆக, விறைப்பு 16-இல் ஒன்று. முனைகளில் வளையமுள்ள தலைப்பட்டையை மட்டும் நீக்கலாகாது. நீக்கிய இரண்டின் இடத்தில், தோற்றம் கெடாதிருக்க மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினோம். எடை ஏறக்குறைய ஆறு கிலோ ஆகும்வரை வண்டியில் அரிசி நிரப்பினோம். இப்போது அது கல்லின்மீது அசைந்தாடி ஏறி இறங்குகிறது. இதைச் செய்ய முயல்வோர், வெட்டிய எஃகின் விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுக; இல்லையேல் கையைக் கிழித்துவிடும்.

ஞாயிறுதோறும் இப்போது பேரனே தாத்தாவை அழைக்கிறான். சென்ற வாரம், “பட்டைகளுக்கிடையே கிரீஸ் தடவலாமா தாத்தா?” என்று நல்ல தமிழில் கேட்டான். அங்கே சற்று நேரம் பேச்சே எழவில்லை. பின்னர், “தடவலாம் ஐயா, தடவலாம்” என்ற குரல் தழுதழுத்தது.