தோட்டத்துக் காதற் பாட்டும் ஒலிப்பதிவும்

விழா மலருக்கு எழுதும் தமிழாசிரியரிடம் அன்பர்கள் எதிர்பார்ப்பது சங்கப் பாட்டின் நயமாகவே இருக்கும். நாமோ இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே, கொழுந்து மலையிலும் றப்பர் மர நிழலிலும் வழங்கிய காதற் பாட்டுகளைப் பற்றிப் பேச விழைகின்றோம். அவை ஏட்டில் ஏறினாற் போதாது. பாடுவோர் குரலோடும் களத்தின் ஓசையோடும் பதிவுசெய்யப்பெறல் வேண்டும் என்பதே நம் கருத்து.

குறிஞ்சிக்கு மலையும் கூடலும் உரியன என மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். லயத்து முற்றத்திலே மாமன் மகனை விளித்துப் பாடும் பெண்ணின் பாட்டிலும் அவ்வேக்கமே உண்டு. அதனோடு பிரட்டுக்களத்துத் தப்பொலியும் கங்காணியின் அதட்டலும் கலந்துள்ளன. காமன் கூத்திலே எரியுண்ட மன்மதனுக்காக இரதி புலம்புங்கால், சூழ நிற்போரின் விம்மலும் பாட்டின் பகுதியாகி விடுகின்றது. இதனை எந்த எழுத்துக் காட்டும்?

பிற நாட்டார் செய்ததை நோக்குவோம். அமெரிக்கத் தென்னாட்டுப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்தது 'புளூஸ்' என்னும் இசை. பிரிவும் காதலுமே அதன் பெரும் பொருள். 1941 இல் அலன் லோமாக்ஸ், ஜோன் வேர்க் என்னும் அறிஞர் இருவர் மிசிசிப்பியிலுள்ள ஸ்டோவல் தோட்டத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு சென்றனர். அங்கே தொழிலாளி ஒருவரின் பாட்டை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கெனப் பதிந்தனர். அவரே பின்னர் மடி வோட்டர்ஸ் எனப் புகழ்பெற்றார். 1950 இல் அவர் வெளியிட்ட பாட்டொன்றின் பெயரையே 1962 இல் இலண்டன் இளைஞர் தம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர்.

அவ்வழி வந்த மற்றொரு குழு, எரிக் கிளப்டனின் 'டெரிக் அன்ட் த டொமினோஸ்'. 1970 இல் அக்குழுவினர் வெளியிட்ட காதற் பாட்டுத் தொகுதியின் தலைமைப் பாட்டுக்கு, பாரசீகக் கவி நிசாமி பாடிய லைலா மஜ்னு கதை தூண்டுதலாயிற்று. அத்தொகுதியில் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிய பாட்டொன்று, அதே ஆண்டில் நியூயோர்க் அரங்கிற் பதியப்பெற்றபோது ஒன்பது நிமிடத்தையும் கடந்தது. கேட்போர் முன்னிற்கப் பாட்டு வளர்கின்றது. உயிரோட்டமான பதிவின் பயன் அதுவே.

நம் நாட்டிலே சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து அழியாது காத்தார். அவருக்கு நாம் கடப்பாடுடையோம். ஆயினும் சொற்களே நமக்குக் கிடைத்தன. மெட்டும் மூச்சும் பாடியோரிடமே தங்கிவிட்டன.

இங்கே நம் பிழையொன்றையும் மறைத்தலாகாது. பல்லாண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி, பாட்டியிடம் கேட்ட கொழுந்துப் பாட்டொன்றை இலக்கிய மன்றத்திற் பாட முன்வந்தாள். 'மச்சான்' என்ற சொல் மேடைக்கு ஆகாதென்றோம். கொச்சை என்று கருதியவற்றையெல்லாம் திருத்தினோம். இலக்கணம் பிழைத்தது, பாட்டுப் பிழைக்கவில்லை. பிறகு அவள் மன்றத்திலே பாடியதேயில்லை. அப்பாட்டியும் இன்றில்லை.

மடி வோட்டர்ஸைப் பதிந்தோர் பெருங் கருவியை வண்டியில் ஏற்றிச் சென்றனர். இன்று நம் மாணவர் பலரின் கையிலுள்ள தொலைபேசியே அத்தொழிலைச் செய்யும். பழைய மாணவர் சங்கத்தார் விடுமுறைதோறும் சில இளைஞரைத் தோட்டங்களுக்கு அனுப்புக. பாடுவோரின் இசைவு பெற்று, அவர் பெயரும் தோட்டமும் ஆண்டும் குறித்துப் பதிக. ஒரு படி கல்லூரி நூலகத்திலும், மற்றொரு படி பாடியவர் இல்லத்திலும் இருத்தல் வேண்டும். இடையிலே சேவல் கூவினும் குழந்தை அழினும் அவற்றை நீக்கற்க; அவையும் அவ்வாழ்வின் சுருதியே.

விழாக்கள் பல வரும். பாடத் தெரிந்த மூதாட்டியர் நமக்காகக் காத்திரார்.