555: சிரிப்பா, அழுகையா?

தாய்லாந்தில் ஒருவர் கைப்பேசியில் '555' என்று செய்தி அனுப்பினால் அவர் சிரிக்கிறார் என்று பொருள். தாய் மொழியில் ஐந்தின் பெயர் 'ஹா'. மூன்று ஐந்துகளைச் சேர்த்துப் படித்தால் 'ஹா ஹா ஹா'. இதே செய்தி சீன மாணவர் ஒருவருக்குப் போனால் என்ன ஆகும்? சீன மொழியில் ஐந்தின் பெயர் 'வூ'. 'வூ வூ வூ' என்றால் அங்கே விம்மி அழுவது. ஒரே மூன்று இலக்கங்கள்தாம். ஓரிடத்தில் சிரிப்பு, மற்றோரிடத்தில் அழுகை!

இத்தகைய குழப்பம் பெரிய மனிதர்களையும் விட்டு வைக்கவில்லை. பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன், செய்தித்தாள் நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸ் என்பவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளின் அடியில் 'எல்.ஓ.எல்.' என்று எழுதி வந்தாராம். 'மிகுந்த அன்புடன்' என்பதன் சுருக்கம் அது என்று அவர் எண்ணியிருந்தார். 'வாய்விட்டுச் சிரிக்கிறேன்' என்பதே உலகம் கொண்ட பொருள் என்று அம்மையார் எடுத்துச் சொன்ன பிறகு அவர் அதை விட்டுவிட்டார். 2012 மே மாதம் ஒரு பொது விசாரணையில் இது வெளிவந்தபோது நாடே சிரித்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் செய்திகளைப் பார்க்கும் பெரியவர்கள், 'மொழியே கெட்டுவிட்டது' என்று கவலைப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கவலையில் பாதி தவறு என்பது என் கருத்து. மீதிப் பாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இச்சுருக்கங்கள் கைப்பேசியுடன் பிறந்தவையல்ல. 'ஓ.எம்.ஜி.' என்பதை இக்கால இளைஞர்களின் கண்டுபிடிப்பு என்றுதான் பலரும் நினைக்கின்றனர். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் 1917இல் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது வந்துவிட்டது. அப்போது ஃபிஷருக்கு வயது எழுபதுக்கு மேல்! தந்தியாளர்கள் 'நல்வாழ்த்துகள்' என்பதற்கு 73 என்றும், 'அன்பும் முத்தமும்' என்பதற்கு 88 என்றும் அடித்தனர். அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் 73 சொல்லித்தான் விடைபெறுகிறார்கள். நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதுவரை வாழ்த்துத் தந்திக்கு எண்கள் இருந்தன. எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், மறுமுனையில் முழு வாக்கியமாகப் போய்ச் சேரும்.

நம் தமிழ் மட்டும் என்ன? பழைய பத்திரங்களையும் ஓலைகளையும் பாருங்கள். வருடத்திற்கு ௵, மாதத்திற்கு ௴, நாளுக்கு ௳, 'மேற்படி' என்பதற்கு ௸ என்று ஒற்றைக் குறியில் எழுதிச் சென்றனர் நம் கணக்கர்கள். அவர்களை யாரும் மொழியைக் கெடுத்தவர்கள் என்று சொல்வதில்லை. விண்ணப்பத்தில் 'த/பெ' என்று எழுதும் நாமும் அந்த வழியில் வந்தவர்கள்தாம்.

சுருக்கினாலும் புரிகிறதே, அதன் காரணம் யாது? கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் 1948இல் இதற்கு விடை தேடினார். எழுதும் மொழியில் எல்லா எழுத்துகளும் சம அளவு செய்தியைச் சுமப்பதில்லை; முன்பின் உள்ளவற்றைக் கொண்டு ஊகித்துவிடக் கூடியவை பல. ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய பாதி இவ்வாறு மிகையானது என்று அவர் கணக்கிட்டார். இம்மிகை வீண் அன்று. இரைச்சலிலும் பேச்சு புரிவதும், அச்சுப்பிழையைத் தாண்டிப் படிக்க முடிவதும் இதனால்தான். சுருக்கி எழுதுபவர் இந்தக் காப்புப் பணத்திலிருந்து செலவு செய்கிறார் எனலாம்.

ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளை நீக்கினாலும் வாக்கியம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தமிழில் முயன்று பாருங்கள். பட்டி, பாட்டி, பெட்டி, போட்டி, புட்டி எல்லாம் ஒன்றாகிவிடும். நம் எழுத்தில் உயிரும் மெய்யும் ஒரே வடிவத்துள் அடங்கிவிட்டதால் கழித்துவிடுவதற்கு அதிக இடம் இல்லை.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். குறுஞ்செய்தியின் 160 எழுத்து வரம்பு எப்படி வந்தது தெரியுமா? 1985இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்னும் பொறியியலாளர் தட்டச்சில் பலவகை வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். 160 எழுத்துக்குள் பெரும்பாலான செய்திகள் அடங்கிவிட்டன. ஒரு செய்திக்குக் கிடைக்கும் இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும், வகுத்தால் 160. தமிழுக்கோ ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் ஒதுக்கப்பட்டது. வகுத்தால் 70 மட்டுமே! மேலும், நாம் ஓரெழுத்தாக எண்ணும் 'டி' கணினிக்கு 'ட' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறி. 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் நமக்கு 12 எழுத்து. கருவிக்கு இடைவெளியோடு 21 குறி. நலம் விசாரிப்பதற்குள் பத்தில் மூன்று பங்கு தீர்ந்துவிடும். ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுத்த நாட்களில் தமிழில் எழுதியவர் கூடுதலாகக் கொடுத்தார். நம் இளைஞர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்கு மொழிப்பற்று இல்லை என்று திட்டியவர்கள் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இணையவழிச் செய்திகள் வந்தபின் அந்த வரம்பு மறைந்துவிட்டது. ஆனால் சுருக்கம் மறையவில்லை. இப்போது அது இடத்தைச் சேமிக்க மட்டும் அன்று. 'நீ எங்கள் கூட்டத்தில் ஒருவன்' என்று சொல்வதற்கும் ஆகும். அதனால்தான் புரியாதவருக்கு அது கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது.

எழுத்துத்திறன் கெடுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டனின் கவென்ட்ரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயதுச் சிறுவர்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவில், சுருக்கங்களை அதிகம் பயன்படுத்தியவர்களின் வாசிப்புத்திறன் குறைந்திருக்கவில்லை. சற்று மேலாகவே இருந்தது. வியப்பில்லை. ஒலியை எழுத்தோடு பொருத்தத் தெரிந்தவனுக்குத்தான் நன்றாகச் சுருக்கவும் தெரியும்.

இனி அந்த மீதிப் பாதி. நண்பனுக்கு அனுப்பிய சுருக்கம் புரியாவிட்டால் அவன் 'என்னடா?' என்று கேட்பான், தீர்ந்தது. கேட்க வழியில்லாத இடங்கள் உண்டு. இன்சுலின் அளவை எழுதும்போது 'யூனிட்' என்ற சொல்லுக்குப் பதிலாக அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் எண்ணை ஒட்டி எழுதும் வழக்கம் இருந்தது. அவசரக் கையெழுத்தில் அந்த எழுத்து சுழியம் போலத் தோன்றும். பத்து யூனிட் நூறாகிவிடும். நோயாளியின் உயிருக்கே ஆபத்து! அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட 'பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள்' பட்டியலில் இதையும் சேர்த்தது. அங்கே எண்களில் மிகையே கிடையாது. ஓர் இலக்கம் மாறினால் ஊகித்துத் திருத்த முன்பின் எதுவும் உதவாது.

ஆகவே என்னிடம் ஒரு மாணவன் சுருக்கி எழுதலாமா என்று கேட்டால், 'படிப்பவர் திருப்பிக் கேட்க முடியுமா?' என்றுதான் நான் கேட்பேன். முடியுமானால் எழுதட்டும். விடைத்தாள், விபத்துச் செய்தி, மருந்துச் சீட்டு, முன்பின் அறியாதவருக்கு எழுதும் கடிதம் இவற்றில் வேண்டாம்.

இன்று மாலை ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் வழக்கமாக அனுப்பும் பத்துச் சுருக்கங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வகுப்பு நண்பர் ஒருவர், வேறு பள்ளி மாணவர் ஒருவர், வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆகிய மூவரிடம் தனித்தனியே கொடுத்துப் பொருளை எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே சுருக்கங்களை முழு வாக்கியத்துள் வைத்து மீண்டும் கொடுங்கள். இரண்டு முறையும் யாருக்கு எத்தனை சரியாக வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் மதிப்பெண் எவ்வளவு கூடியது என்பதை மறக்காமல் பாருங்கள்.